வயிற்றில் கோடு போட்ட பூஜ்யம்

ஒரு திருடனைக் கையும் களவுமாகப் பிடிப்பது இத்தனை இன்பமாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பம்ப் கம்பெனியின் மாடிப்படியைத் துள்ளாத குறையாக ஏறினாள்.

மேனேஜர் அறையில் திருடன் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தான். அவளுடைய கொழுந்தன். ஆறு வருஷம் அவள் டி.டி.பி. கடையில் வேலை பழகிவிட்டு, போன மாதம் எதிர்வரிசையில் தனிக்கடை போட்டவன்.

"வாங்க அண்ணி. மூச்சு வாங்குது பாருங்க, உக்காருங்க."

"நின்னுக்கிட்டே சொல்லிடறேன்."

புதிய பம்ப்பின் கையேட்டுக்கு இருவரும் மாதிரிப் பக்கங்கள் கொடுத்திருந்தார்கள். இரண்டிலும் ஒரே ஃபான்ட், ஒரே எழுத்து வடிவம். புகார் கொடுத்தவள் அவள். திருட்டு எழுத்தை வைத்து வேலை செய்தவருக்கு இனி இந்த வாசல் கிடையாது என்று மேனேஜரைச் சொல்ல வைத்தவளும் அவள்தான். வருஷத்துக்கு இருபது கையேடு. அவள் கடை ஓடுவதே அதில்தான்.

"எனக்கு எல்லா எழுத்தும் ஒண்ணாத்தான் தெரியுது" என்ற மேனேஜர், மூலையிலிருந்த தாடிக்காரரைக் காட்டினார். "சாருக்கு ஃபான்ட் எல்லாம் அத்துப்படி. அவர்கிட்ட சொல்லுங்க."

அவள் பக்கத்தை விரித்தாள். "பார்ட் நம்பர்ல இருக்கற பூஜ்யத்தைப் பாருங்க சார். வயித்துல சாய்வா ஒரு கோடு, ஓரத்தைத் தொடாது. சாதா ஃபான்ட்ல பூஜ்யமும் ஆங்கில ஓவும் ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கும். மெக்கானிக் வேற வால்வை மாட்டிருவான். பென்டிரைவ்ல வந்த ஆயிரம் ஃபான்ட்டையும் பார்த்து, கண்ணு பூத்துப்போய், இதைப் பிடிச்சேன்."

தாடிக்காரர் முகம் மலர்ந்தது. "ஒண்ணாம் நம்பரைக் கவனிச்சீங்களா?"

"விடுவேனா? அடியில பட்டையா ஒரு பாதம்."

"ஏழு?"

"கழுத்தை லேசா வளைச்சிருக்காங்க. பார்த்தாலே கொஞ்சத் தோணும்."

சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கணவனிடம் இந்த ஏழாம் எண்ணைப் பற்றிச் சொன்னபோது அவன் கொட்டாவி விட்டான். இத்தனை வருஷத்தில் அவளிடம் அந்த எண்ணைப் பற்றிக் கேட்ட முதல் மனிதர் இவர். திருடன் வாழ்க என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"எத்தனை வருஷமா வச்சிருக்கீங்க?"

"எட்டு வருஷம். நூத்தறுபது கையேடு. எழுதிக்குங்க சார்."

அவர் எழுதிக்கொண்டார்.

"போதும் அண்ணி, விட்டுடுங்க" என்றான் கொழுந்தன் மெல்ல.

"ஏன், வயித்தைக் கலக்குதா?"

"உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"என் கவலை உனக்கு வேணாம். இந்த ஊர்லயே இது என் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கு சார். இவன்கிட்ட இருந்தா, அது என்கிட்ட சுட்டது."

தாடிக்காரர் நோட்டை மூடினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"அந்தப் பூஜ்யத்தை மூணு வருஷம் உக்காந்து வரைஞ்சவன் நான்தான்மா. என் சம்சாரம்கூட அதை இவ்வளவு ரசிச்சதில்லை" என்றார்.

பிறகு, சொல்லவே மனமில்லாதவர்போலச் சொன்னார்:

"ஆனா இதுவரைக்கும் இதை என்கிட்ட காசு குடுத்து வாங்கினது ஒரே ஒருத்தர்தான். போன மாசம், உங்க கொழுந்தன்."