டாஸா, யுனிக்ஸா?

"சி. கலியமூர்த்தி!"

பேரைக் கூப்பிட்டதும் ஐம்பது தாண்டிய ஆள் ஒருத்தர் எழுந்து உள்ளே வந்தார். வெளியே பெஞ்சில் காத்திருந்த பையன்களில் ஒருத்தன், "இன்னா பெருசு, ரிட்டையர் ஆவுற வயசுல இன்டர்வியூவா?" என்று கேட்க, மற்றவர்கள் சிரித்தது கதவைச் சாத்திய பிறகும் கேட்டது.

மேனேஜர் அரங்கநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. எண்பத்தெட்டாம் வருசத்து அரவை தொடங்க இன்னும் இருபது நாள்தான். வில்லியனூர்ப் பக்கத்து அந்தச் சர்க்கரை ஆலைக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வரப் போகிறது. அதை ஓட்ட ஒரே ஒரு ஆள் வேண்டும். காலையிலிருந்து பதினோரு பேரைப் பார்த்தும் ஒருத்தனும் தேறவில்லை.

"நீயா கலியமூர்த்தி?"

"அவன் அப்பங்க. பேரு சிங்காரவேலு. இந்த ஆலைக்குக் கரும்பு போடறவன்தான்."

"பையன் எங்க?"

"அவனால வர முடியலைங்க. கேக்கறத எங்கிட்ட கேளுங்க, நான் சொல்றேன்."

அரங்கநாதனுக்குச் சுர்ரென்று ஏறியது. மெட்ராஸிலிருந்து வந்திருந்த கம்ப்யூட்டர் என்ஜினீயர் தாமஸ் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? தொரை வூட்ல இருப்பாரு. அப்பன்காரன் வந்து பரீட்சை எழுதணும்."

பிறகு அந்த ஆளின் தலையைப் பார்த்தார். புது மொட்டை. மீசையும் இல்லை.

"மொட்டை யாருக்கு?"

"புள்ளைக்காகத்தாங்க."

"சரிதான். சாமிகிட்டயும் சிபாரிசுக்குப் போயாச்சு."

தாமஸ் சிரித்தார். "இருங்க சார், ஒரு கேள்வி கேட்டு அனுப்பிடலாம். பெரியவரே, டாஸ், யுனிக்ஸ்னு ரெண்டு இருக்கு. கம்ப்யூட்டருக்குள்ள இருந்து அதை வேலை வாங்கற மேஸ்திரிங்க மாதிரி. ரெண்டுல எது நல்லது?"

சிங்காரவேலு கண்ணை மூடிக்கொண்டார்.

"டாஸு வெல கம்மி. கத்துக்கறதும் சுளுவு. ஒரு பிளாப்பியப் போட்டா எழுந்துக்கும். ஆனா ஒரு நேரத்துல ஒரு ஆளு, ஒரு வேலை. பூட்டு கெடையாது. எவன் வேணா உள்ள பூந்து எதையும் அழிச்சிடலாம்."

தாமஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யுனிக்ஸ்?"

"அது ஏரித் தண்ணிக்கு முறை வைக்கற மாதிரிங்க. மிஷினு ஒண்ணு, உக்கார்றவன் பத்து பேரு. ஒவ்வொருத்தனுக்கும் கொஞ்சம் கொஞ்சமா மடை திருப்பி வுடும். திருப்பற வேகத்துல, மொத்தத் தண்ணியும் நம்ம கழனிக்கே பாயற மாதிரி அவனவனுக்குத் தோணும். ஆளாளுக்குத் தனிப் பூட்டு. ஆனா வெல ஜாஸ்தி, கத்துக்க நாளாவும்."

"அப்ப நம்ம ஆலைக்கு?"

"எடை மேடைக்கு டாஸு போதும். யாரு கரும்ப எப்ப வெட்டலாம்னு வெட்டு உத்தரவு குடுக்கற எடத்துக்கு யுனிக்ஸுதான். அங்க டாஸ வச்சா, அம்பதாவதா இருந்த பேரு மறுநாளு மொதப் பேரா வந்து நிக்கும். எவன் மாத்தினான்னே தெரியாது."

அரங்கநாதன் கனைத்துக்கொண்டார். தாமஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னா?"

"எம்புள்ளதாங்க. நான் கரும்புக்குத் தண்ணி கட்டுவேன், அவன் வரப்பு மேல நடந்துகினே சத்தமாப் படிப்பான். 'நீ தலையாட்டினாத்தான்பா எனக்கே புரியுது'ன்னுவான். ரெண்டு எடத்துல பெயிலாயி வந்தான். இந்த வாட்டி உடமாட்டேன்னு சொல்லிகினே இருந்தான்."

அரங்கநாதனின் அப்பனும் ஏர் பிடித்தவர்தான். மகன் எத்தனாவது படிக்கிறான் என்று அவர் ஒருநாள் கூடக் கேட்டதில்லை.

"கடைசியா ஒண்ணு," என்றார் தாமஸ். "யுனிக்ஸோட பெரிய கொறை என்ன?"

"படக்குனு கரண்டு போனா தாங்காதுங்க. உள்ள எழுதிகினு இருந்ததெல்லாம் கொழம்பிப் பூடும். முன்னாடியே சொல்லி, ஒண்ணொண்ணா மூடி, அப்பறந்தான் நிறுத்தணும். சொல்லாம கொள்ளாம..."

தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். இருமல் என்று நினைத்து அரங்கநாதன் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தார்.

தாமஸ் அரங்கநாதனின் காதருகே குனிந்தார். "பக்கத்துல நின்னு காதால கேட்டவருக்கே இவ்ளோ தெரியுதுன்னா படிச்சவனைப் பத்திச் சந்தேகமே வேணாம் சார். எடுத்துக்கலாம்."

அரங்கநாதனுக்கும் கோபம் இறங்கியிருந்தது. "ஒம்புள்ள பாஸுய்யா! திங்கக்கிழமை சர்ட்டிபிகேட்டோட வரச் சொல்லு, ஆர்டர் வாங்கிக்கட்டும்."

சிங்காரவேலு நகரவில்லை. "ஆர்டரு வேணாங்க. வேலைய வெளியில குந்தியிருக்கற புள்ளைங்கள்ல ஒண்ணுக்குக் குடுங்க. கலியமூர்த்தி பாஸுன்னு ஒரு காயிதத்துல எழுதி, ஆபீஸ் சீல் போட்டு, இன்னிக்கே குடுத்தீங்கன்னா போதும்."

அரங்கநாதனுக்கு மறுபடியும் ஏறியது. "வேலை வேணாம், காயிதம் மட்டும் வேணுமா? வெளையாடறியா? அத வச்சிகினு எந்த ஊர்ல பொண்ணு கேக்கப் போற?"

"நாளைக்கு அவனுக்குக் கருமாதிங்க. படையல்ல வைக்கணும்."