டேட்டா தின்ற பிள்ளை

மாதம் பாதிகூடப் போகவில்லை. அலுவலகத்தில் இன்டர்நெட் டேட்டா தீர்ந்துவிட்டது. போன மாதமும் இதே கூத்து.

"கப்பல்காரன்ர மெயில் திறக்க ஏலாமல் கிடக்கு! ஆர் பார்த்த வேலை இது?" மனேஜர் சிறில் கத்தினார்.

திருகோணமலைத் துறைமுகத்தடியில் சின்னதொரு கப்பல் முகவர் அலுவலகம். சிறிலுக்குக் கீழே இரண்டே பேர். ஒரே கொம்பியூட்டர். அதில் காலையில் ரிஸ்னா, பின்னேரம் சின்னராசா.

சின்னராசா துறைமுகக் களஞ்சியத்தைக் கட்டிக் காத்து ஓய்வு பெற்றவர். பென்சன் போதாமல் இங்கே வந்தார். கப்பல் கடதாசிகளைப் படமெடுத்தால் கொம்பியூட்டரே வாசித்துப் பதிய வேண்டும், அதைச் செய்யப் பழகாவிட்டால் வீட்டை போகலாம் என்று சிறில் சொல்லிவிட்டார். அதனால் இந்த வயதில் வீடியோ பார்த்துப் பைதன் என்ற கொம்பியூட்டர் மொழி படிக்கிறார். அதற்கு வேண்டிய பக்கேஜ்களை, அதாவது ஆயத்த மென்பொருள் பொதிகளை, இன்டர்நெட்டிலிருந்து இறக்கித் தானே இன்ஸ்டோல் பண்ணுகிறார். அதில் பெருமை வேறு.

ரிஸ்னா பக்கத்து ஊரான கிண்ணியாப் பிள்ளை. வேலை இன்னும் நிரந்தரமில்லை. முந்தநாள் அவள், "ஐயா, நீங்க பின்னேரம் மூடக்குள்ள ஒரு விசயம்..." என்று தொடங்கினாள்.

"எனக்கு வகுப்பெடுக்க வராதையும், பிள்ளை" என்று சின்னராசா அவள் வாயை அடைத்துவிட்டார்.

இப்போது சிறில் அவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, உங்கட பைதன் விளையாட்டோ இது? அப்பிடியெண்டால் நாளைக்கு வரவேண்டாம்."

சின்னராசா கதிரையை விட்டு எழும்பினார்.

"ஐயோ சேர், நான் எடுக்கிறதெல்லாம் இலவசம்! வீடியோவிலயே சொல்லுறான், ஒரு சதமும் இல்லையெண்டு. போனும் கையுமா இருக்கிற ஆக்களைக் கேளுங்கோ."

ரிஸ்னா அவரையே பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்தாள்.

"நான்தான் சேர். நாடகம் பார்த்தனான்."

"பார்த்தீங்களே சேர்!" சின்னராசாவுக்கு மூச்சு வந்தது. "உம்மாவும் வாப்பாவும் உம்மை பஸ் ஏத்தி விட்டது இதுக்கோ? கொஞ்சமாவது வெட்கம் வேணும், பிள்ளை."

அவள் கைப்பையை எடுத்தாள். சிறில் போகச் சொன்னார், போனாள்.

மறுநாள் கொம்பியூட்டர் திருத்தும் ஜக்சன் வந்தான். சிறில் வங்கிக்குப் போயிருந்தார்.

"ஐயா, இந்தப் பக்கேஜ்களை நீங்கள் பின்னேரத்தில அழிக்கிறனீங்களோ?"

"ஓம். இறக்கின மிச்சம் மீதி எல்லாத்தையும் துடைச்சிட்டுத்தான் போவன். அடுத்த நாள் புதுசாப் போடுவன். களஞ்சியத்தில எடுத்த சாமானைத் திருப்பி வைக்காமல் நான் ஒருநாளும் வீட்டை போனதில்லை, தம்பி."

"இது களஞ்சியமில்லை ஐயா. ஒருக்காப் போட்டால் அப்பிடியே கிடக்கும். காசில்லைதான், ஆனால் ஒவ்வொருக்கா இறக்கேக்கயும் டேட்டாவைத் தின்னும். நீங்கள் போடுறது சின்னச் சாமானுமில்லை."

சின்னராசா கதிரையில் உட்கார்ந்தார்.

"உமக்கு ஆர் சொன்னது?"

"ரிஸ்னா நேற்றுப் போன் எடுத்தவ. 'அந்த ஐயா விளங்காமல் செய்யிறார். நான் சின்னப்பிள்ளை, வேற இடம் தேடுவன். அவரை இனி ஆர் வேலைக்கு எடுப்பினம்? சேர் இல்லாத நேரமாப் போய்ச் சொல்லிக் குடுங்க' எண்டு சொன்னவ. நான் வாய் திறக்க மாட்டன். சத்தியம் வாங்கிட்டா."

வாசலில் செருப்புச் சத்தம். சிறில் வந்துவிட்டார்.

"என்ன அண்ணை, ஜக்சன் பார்த்திட்டானோ? ராவு முழுக்க எனக்கு மனம் சரியில்லை. பாவம், அந்தப் பிள்ளையிட்ட விசாரிக்காமல் அனுப்பிப்போட்டன். திரும்பக் கூப்பிடுவமோ எண்டு யோசிக்கிறன். உண்மையில அவவின்ர பிழைதானோ?"

ஜக்சன் சின்னராசாவைப் பார்த்தான்.

சின்னராசா தொண்டையைச் செருமினார்.

"வேற ஆரின்ர பிழை, சேர்?"