கல்வராயன் குல்மார்க்

"வேணாங்க. எனக்கு இன்னாமோ பயமா இருக்குது. பாப்பாவை எறக்குங்க."

ஜெயசுதா சொன்னதைத் தமிழரசன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

பத்து வயது சுபஸ்ரீ, புல் சரிவின் உச்சியில் ஒரு தகரத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். நாலடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. காலை ஒன்பது மணியாகியும் மார்கழிப் பனி விலகவில்லை.

அரையாண்டு லீவுக்குப் பனிச்சறுக்கு கூட்டிப் போகிறேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்த மனுஷன். குல்மார்க், ஆலி, மணாலி என்று ஒரு மாதமாக வீட்டில் அதே பேச்சு. கடைசியில் வந்து சேர்ந்தது எங்கே? கள்ளக்குறிச்சியிலிருந்து காலையில் கிளம்பினால் டிபனுக்குள் வந்துவிடக்கூடிய கல்வராயன் மலைக்கு!

யாரோ போட்ட வீடியோவில் இந்தச் சரிவைப் பார்த்தாராம். "ஈரப் புல்லுல சறுக்கினா ஐஸ்ல போற மாதிரியே இருக்கும்டி."

"சரி, எது மேல சறுக்குவீங்க?" என்று காரில் ஜெயசுதா கேட்டதும் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். ஆனால் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள், வந்த இடத்தில் புல்லிலேயே ஒரு தகரம் கிடந்தது. அடியில் சேறு அப்பி, ஓரமெல்லாம் நசுங்கியிருந்தது.

"பாத்தியா! நமக்குன்னே யாரோ வெச்சிட்டுப் போயிருக்காங்க."

பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தது. தமிழரசன் வீடியோ எடுக்க செல்போனை அதில்தான் சாய்த்து வைத்தார்.

"ஐயோ, சாமிக் கல்லுங்க அது!"

"கல்லுதானே? சும்மா கெட."

சுபஸ்ரீ திரும்பிப் பார்த்தாள். "அப்பா, கீழ எங்க போய் நிக்கும்?"

"சமமா ஒரு எடம் வரும்டா கண்ணு. வீடியோல பாத்தேன்."

முழுசாகப் பார்த்தாரா என்று ஜெயசுதாவுக்குச் சந்தேகம்.

"ஒண்ணு... ரெண்டு..."

"தள்ளாதீங்க!"

பனிக்குள்ளிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். தலையில் இருந்த புல்லுக்கட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, கையில் அரிவாளோடு வந்தாள். வந்த வேகத்தில் தகரத்துக்கு முன்னால் குந்திக்கொண்டாள்.

"சாமி நிக்கற எடத்துல செருப்போட இன்னா வேலை? இங்க சறுக்கினா ரத்தம் கக்கிச் சாவீங்க!"

சுபஸ்ரீ ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

ஜெயசுதாவுக்குக் கோபம்தான் வந்தது. பச்சைப் பிள்ளையை அரிவாளோடு வந்து இப்படியா மிரட்டுவது? இவளும் ஒரு பொம்பளையா?

தமிழரசன் எகிறினார். "கொழந்தைகிட்ட பேசற பேச்சா இது? இந்தக் காலத்துலயும் சாமி, பூதம்னு கதை வுட்டுக்கினு! நாங்கல்லாம் படிச்சவங்க. சறுக்கக் கூடாதுன்னா ஒரு போர்டு வைங்க. பாத்துட்டு நாங்களே ஒதுங்கிப் போயிடுவோம்."

"எந்திரிக்க மாட்டேன். என்னைத் தாண்டித் தள்ளுங்க, பாக்கலாம்."

"இன்னா ஜாஸ்தி பேசற? இந்தப் பக்கமா தள்ளிக்கறேன் போ."

தகரத்தை மகளோடு சேர்த்து ஒரு முழம் ஓரமாக இழுத்தார். சுபஸ்ரீயின் முதுகில் கை வைத்தார். அந்தப் பெண் பாய்ந்து தகரத்தை இறுக்கிப் பிடித்தாள்.

அப்போதுதான் ஒரு காற்று அடித்தது. பனி விலகியது.

இருபதடிக்குக் கீழே புல் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. எங்கேயோ அதலபாதாளத்தில், பெரிய பெரிய மரமெல்லாம் கொத்தமல்லிக் கட்டு மாதிரி தெரிந்தது.

ஜெயசுதா மகளை வாரி எடுத்தாள். அவளை இறுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். "என் பொண்ணு... ஐயோ, என் பொண்ணு..."

தமிழரசனின் கை இன்னும் தள்ளுவதற்கு நீட்டியபடியே இருந்தது. அதைப் பார்க்க அவருக்கே பயமாக இருந்தது.

அந்தப் பெண் சுபஸ்ரீ பக்கம் திரும்பினாள். "அழாத பாப்பா. இந்த மூக்காயி இருக்கேன்ல, ஒண்ணும் ஆவாது." முந்தானையால் பிள்ளையின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"ஏம்மா..." தமிழரசன் கையை இறக்கினார். "பள்ளம்னு சொல்லக் கூடாதா? சாமி, ரத்தம்னு எதுக்கு... ஊர்ல ஒரு போர்டாச்சும் வெச்சிருந்தா நாங்க ஏன்மா..."

மூக்காயி தகரத்தைப் புரட்டிப் போட்டாள். அதே முந்தானையால் சேற்றை அழுத்தித் துடைத்தாள்.

தேய்ந்துபோன சிவப்பு எழுத்து தெரிந்தது: 'நில்லுங்க! கீழே பள்ளம்!'

"நாங்க நட்ட மூணாவது போர்டு சார் இது. மொத ரெண்டும் பள்ளத்துல கெடக்குது. புடுங்கி, அதும் மேலயே குந்தி சறுக்கறாங்க. சாமியை யாரும் புடுங்க மாட்டாங்கன்னுதான் நேத்து ஓடையில கெடந்த அந்தக் கல்லைத் தூக்கியாந்து மஞ்சள் பூசினேன்."