மருதாணி விரல்

கெய்ரோவில் அகதி அட்டை வழங்கும் அலுவலக வாசலில் வெயில் ஏறுகிறது. சூடானிலிருந்து வந்த இக்லாஸ் இடுப்பில் குழந்தையோடு, கறுத்த விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டே நிற்கிறாள். தங்கை கல்யாணத்துக்கு இட்ட கறுப்பு மருதாணி ரேகையை மூடிவிட்டது. சன்னலில் இருக்கும் கைரேகை இயந்திரம் ஏற்கெனவே ஒருமுறை சிவப்பு விளக்கு காட்டி மறுத்துவிட்டது. இன்று பதியாவிட்டால் அட்டை இல்லை. அட்டையில்லாமல் பிடிபட்டால் போருக்குள்ளேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தேநீர் விற்கும் அவாதியா அவள் கையைப் பற்றி எலுமிச்சையால் தேய்க்கிறாள். "நுனிவரைக்கும் பூசணுமாடி? ஆபீசரையா கட்டிக்கப் போற?" "புருஷன் இருக்கறவ மருதாணியில்லாம வெறுங்கையோட கல்யாணத்துக்குப் போனா ஊர் பேசாதா அக்கா?" எலுமிச்சை எரிச்சலில் கண் கலங்க இக்லாஸ் சிரிக்கிறாள். காவலர் அழைக்கிறார். பின்னால் நிற்பவள் கேட்காமலே குழந்தையை வாங்கிக்கொள்கிறாள். இக்லாஸ் மூச்சை அடக்கி விரலை வைக்கிறாள். மறுபடியும் சிவப்பு. "இன்னும் ஒன்பது விரல் இருக்கு, அல்லாஹ் பெரியவன்" என்கிற அவாதியா, அடுத்த எலுமிச்சையை அறுத்துக்கொண்டிருக்கிறாள்.