ஒரே ஒருத்தனாவது

ரிப்பன் கட்டியாச்சு. கத்திரிக்கோலும் கையில் இருக்கிறது. வெட்டும்போது கைதட்டத்தான் ஈ காக்கையைக் காணோம்.

விழாக்காரி முன்வாசலில் நின்று சாலையைப் பார்த்தாள். ஒரு பால் வண்டி வந்தது. டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

ஊரின் முதல் காமிக்ஸ் விழா. பழைய பஸ் பணிமனையை வாடகைக்குப் பிடித்து, கடைகள், மேடை, வேஷப் போட்டி, ஓவியர்களோடு பேச்சு என்று ஒன்று விடாமல் ஏற்பாடு பண்ணியிருந்தாள். இதற்காக இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை வேறு விட்டாச்சு. வீட்டில் நடந்த ரகளையைக் கேட்காதீர்கள்.

ரகளையில் முதல் ஆள் அண்ணன். டைல்ஸ் கடைக்காரன். காமிக்ஸ் என்றாலே சின்ன வயதிலிருந்து அவனுக்கு வேப்பங்காய். 'விழாக்காரி' என்று பெயர் வைத்ததே அவன்தான். பொம்மைப் புத்தகத்துக்கு ஒரு விழாவா என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். போன வாரம் பந்தயமே கட்டிவிட்டான்.

"வேஷம் கட்டிக்கிட்டு ஒரே ஒருத்தனாவது வரட்டும், அதுக்கப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். வரலைன்னா திங்கக்கிழமை நீ என் கடையில வந்து உட்காரணும். என்ன, சரியா?"

ரோஷக்காரி. சரி என்று சொல்லித் தொலைத்தாள்.

திறக்கும் நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. அண்ணன் கூப்பிட்டுச் சிரிப்பானே என்று போனை அணைத்துப் பைக்குள் போட்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் பெரிய கறுப்புத் திரை. ரிப்பனை வெட்டி, திரையை விலக்கி, கூட்டத்தை அவளே உள்ளே அழைக்க வேண்டும். அதுவரை உள்ளேயிருந்து ஒருத்தரும் வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது என்று எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஸ்பீக்கர் பாட்டுத்தான் காதைப் பிளந்தது.

"பாத்ரூமுக்கு வழுக்காத டைல்ஸ் காட்டட்டுமா சார்?" என்று தானே கேட்பது போல மனசுக்குள் ஓடியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது திரை அசைந்தது. வெள்ளி இறக்கை கட்டிய ஒரு பெண் உள்ளேயிருந்து தலையை நீட்டினாள்.

"அக்கா, பாத்ரூம் எந்தப் பக்கம்? உள்ள நகரக்கூட இடமில்லை."

"நீ... எப்படிம்மா உள்ள போனே?"

"போஸ்டர்ல போட்டிருக்கிற வழியிலதான்."

சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தாள். வழியையே ஒரு காமிக்ஸ் பக்கமாக வரையச் சொல்லியிருந்தாள். வரைந்த தோழி ஜப்பான் காமிக்ஸே கதி என்று வளர்ந்தவள். அந்த ஊர்ப் புத்தகங்கள் மாதிரி எதையும் வலமிருந்து இடமாகத்தான் வரைவாள். பக்கம் திரும்பியதில் வழியும் சேர்ந்து திரும்பிவிட்டது. பெட்ரோல் பங்க்கில் வலப்பக்கம் திரும்ப வேண்டிய நாயகன், ஜம்மென்று இடப்பக்கம் திரும்பிப் பின்பக்கச் சந்துக்குள் பறந்துகொண்டிருந்தான்.

அட கடவுளே! இத்தனை நாளில் எத்தனை தடவை பார்த்திருப்பாள். படத்தைப் பார்த்து மயங்கினாளே தவிர, வழியை எங்கே பார்த்தாள்?

"அக்கா, இன்னொண்ணு. பின்வாசல்ல நிக்கறாரே, அவர் எந்தக் கதையில வர்றவர்? எங்க யாருக்குமே தெரியலை. விடியும்போதே வந்து தனியா நின்னாராம். வாட்ச்மேன் சொன்னார்."

அவள் ஓடினாள். ரிப்பன் வயிற்றில் மாட்டி அறுந்தது. திறப்பு விழா அவ்வளவுதான்.

உள்ளே! அடேயப்பா! முகமூடிகள், வால்கள், அட்டைக் கவசங்கள். ஒரு அப்பாவும் மகளும் ஒரே மாதிரி பச்சை வண்ணம் பூசிக்கொண்டு வந்திருந்தார்கள். போஸ்டர் வரைந்த தோழி கையெழுத்துப் போட்டுப் போட்டு நிமிரக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தாள். திட்டலாம் என்று நினைத்தவள், அவள் உச்சந்தலையில் ஒரு முத்தம் வைத்துவிட்டு ஓடினாள்.

கடைக்காரர்கள் சாமான் இறக்கத் திறந்து வைத்த பின்வாசலில் அந்த ஆள் நின்றான்.

தலையில் வெள்ளை பிளாஸ்டிக் வாளி கவிழ்ந்திருந்தது. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தோளில் குளியலறைத் திரை. இடுப்பில் வாளுக்குப் பதிலாக, டைல்ஸ் ஒட்டும் கரண்டி. நுழைவுக் கட்டணத்தை இன்னொரு வாளியில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். ஓசியில் ஒருத்தரையும் விடவில்லை.

வாளித் தலையன்!

இறக்கைக்காரிக்கு எப்படித் தெரியும்? அது எந்தப் புத்தகத்திலும் வந்ததில்லை. ஏழெட்டு வயதில், தன் க்ரேயான்களை ஒளித்து வைத்தவன் மேலிருந்த கோபத்தில் அவள் வரைந்த வில்லன். அந்தக் கதைக்கு உலகத்திலேயே ஒரே ஒரு வாசகன்தான். படித்துவிட்டு ரொம்ப நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான்.

கிட்டே போய்ப் பார்த்தாள். கண் ஓட்டைகளின் ஓரம் கிழிக்காமலிருக்க வழவழவென்று தேய்த்திருந்தது. குளியலறைத் திரைக்கு அண்ணி ஓரம் அடித்துக் கொடுத்திருந்தாள். இன்று காலை அவசரத்தில் செய்த வேலை இல்லை இது. அவன் வந்து நின்றபோது சந்தில் ஒரு காக்கைக் குஞ்சுகூடக் கிடையாது. இத்தனை பேர் வருவார்கள் என்று அவனுக்கு மட்டும் என்ன ஜோசியமா தெரியும்?

ஒரே ஒருத்தனாவது வர வேண்டுமே என்று வந்திருக்கிறான்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கத்திரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு அவனை வாளியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"போதும் போதும், விடு. பந்தயத்துல நீ ஜெயிச்சுட்டே. இனிமே நான் வாயே திறக்க மாட்டேன்."

அடுத்த மூச்சிலேயே திறந்தான்.

"ஆமா, மூக்குக்கு ஏன்டி நீ ஓட்டையே வரையலை? காலையிலிருந்து மூச்சு முட்டுது."