கடல்மகளுக்குச் சீலை

"அண்ணை, இந்தச் சீலையை எப்ப அழிக்கப் போறியள்?"

மீன் வெட்டிக்கொண்டிருந்த சவிரிமுத்து நிமிரவில்லை. "எந்தச் சீலை தங்கச்சி?"

எந்தச் சீலையாம். லண்டன் டூட்டிங்கிலேயே சுவருக்குச் சீலை கட்டிய மீன்கடை இது ஒன்றுதான்.

முன்பு இந்தக் கடையை வைத்திருந்தவர் சைப்பிரஸ் கிரேக்கர். கல்லாவுக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு கடல்தேவதையை வரைந்திருந்தார். டொல்பின் மேல் அமர்ந்து, ஈரக் கூந்தலோடு, உடம்பில் ஒரு நூல்கூட இல்லாமல். அவர் கடையை விற்றுவிட்டு ஊருக்குப் போனார். வாங்கிய சவிரிமுத்து முதல் கிழமையே தூரிகையை எடுத்து, தேவதைக்குக் கழுத்துவரை சட்டை, சரிகைக் கரை வைத்த சீலை எல்லாம் போட்டுவிட்டார்.

பல்கலைக்கழகத்தில் கிரேக்க இலக்கியம் படிக்கிற எனக்குப் பொறுக்குமா?

"இவள் ஆரெண்டு தெரியுமோ அண்ணை? தெட்டிஸ். கடல் கிழவன் நெரியஸின்ர ஐம்பது மகள்மாரில ஒருத்தி."

கத்தி நின்றது. "ஐம்பதும் பொம்பிளைப் பிள்ளையளோ? பாவம் அந்த மனுசன்."

"பகிடி விடாதேங்கோ. விருப்பமில்லாத கலியாணத்தைத் தலையில கட்டேக்கை, நெருப்பாகி, பாம்பாகி, சிங்கமாகித் திமிறினவள். அப்பிடிப்பட்டவளை நீங்கள் பூசைக்குப் போற அன்ரி மாதிரி ஆக்கி வைச்சிருக்கிறியள்."

"சிங்கமாக மாறத் தெரிஞ்ச ஆளுக்கு ஒரு சீலையை உதறி எறிய ஏலாதோ? பேசாமல்தானே இருக்கிறா."

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு வாதத்தில் தோற்றுப் பழக்கமில்லை.

"ஏன் கட்டினனீங்கள்? அதைச் சொல்லுங்கோ."

"லண்டன் குளிர் தங்கச்சி."

"அண்ணை."

"சரி, யாவாரத்துக்குத்தான். இப்ப எங்கட ஆக்கள் மாதா எண்டு சிலுவை போடினம். சைவ ஆக்கள் கங்காதேவி எண்டு கும்பிடினம். ரெண்டு பகுதியும் மீன் வாங்கினம்."

இதைத்தான் எதிர்பார்த்தேன். பெண்ணின் உடம்பு என்றால் ஆண்களுக்கு ஒன்று வெட்கம், இல்லாவிட்டால் வியாபாரம். போல் டாக்ஸ் என்ற தலைவரிக்கு எதிராக ஊரெல்லாம் கையெழுத்துச் சேர்த்தவள் நான். பையிலிருந்து புது மனுவை எடுத்து, ஐஸில் கிடந்த மீன்களுக்கு மேலாக நீட்டினேன்.

"அறுபத்திரண்டு கையெழுத்து. சனிக்கிழமைக்குள்ள சீலை போகாட்டில், எல்லாரும் உங்கட வாசலில வந்து நிப்பம். லோக்கல் பேப்பருக்கும் சொல்லியாச்சு."

முதல் தடவையாக அவர் முகம் மாறியது. "சனிக்கிழமையோ? அண்டைக்கு ஆக்கள் உள்ளுக்கு வராட்டில் நான் கடையைப் பூட்ட வேண்டியதுதான்."

"அப்ப அழியுங்கோ."

"அது மட்டும் ஏலாது."

அந்த நேரம் கதவு திறந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்கார அம்மா குடையை மடக்கியபடி உள்ளே வந்து, "கலிமேரா, சவிரி" என்றார்.

கிரேக்க மொழி! விடுவேனா? மனுவை அவர் கையில் கொடுத்தேன்.

"அவவிட்டைக் குடுக்காதையும்." சவிரிமுத்து கத்தியைப் போட்டுவிட்டுப் பதறினார்.

"பயமோ அண்ணை? அவையின்ர தேவதை. அவ சொல்லட்டும்."

அந்த அம்மாவுக்கு ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் விளக்கினேன். பெண்ணின் உடல் வெட்கப்பட வேண்டியதல்ல. அதை மூடுவதா வேண்டாமா என்பது அவள் உரிமை, கடைக்காரரின் உரிமை அல்ல.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தார். சவிரிமுத்து, செதில் எடுத்து முடித்த மீனுக்கே மறுபடியும் செதில் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நன்றாக எழுதியிருக்கிறாய் மகளே. ஒரு எழுத்தும் பிழையில்லை," என்றார் அந்த அம்மா. "இந்தப் பெண்ணிடம் கேட்டாயா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "தெட்டிஸிடமா? அவளை எங்கே தேடிப் போய்க் கேட்பது?"

"மேல்மாடியில். இந்தக் கடைக்கு மேல்தான்."

நான் சுவரைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். அதே மூக்கு. அதே தாடை.

"வரைந்தது என் புருஷன். என்னைக் கேட்காமல். பதினெட்டு வருஷம் இந்தக் கடைக்குள் கால் வைக்காமல் பின்கதவால் வீட்டுக்குப் போய்வந்தேன். அவர் ஊருக்குப் போனபோது நான் கூடப் போகவில்லை."

மனுவை நான்காக மடித்து என் கையில் வைத்தார்.

"உன் அறுபத்திரண்டு பேரில் ஒருவர்கூட வந்து கதவைத் தட்டவில்லை. சவிரி மட்டும், கடைச் சாவி கைக்கு வந்த அன்றே மாடியேறி வந்து கேட்டார், என்ன நிறத்தில் சீலை வேண்டும் என்று."