பலூனால் நின்ற கல்யாணம்

"இது கல்யாண வரவேற்பா, இல்ல கைக்குழந்தைக்குப் பொறந்த நாளா?"

பெரியப்பாவின் குரல் மண்டபத்தின் கடைசி வரிசை வரை போனது. சீக்கிரமே வந்து முன்வரிசையைப் பிடித்திருந்த உறவினர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மேடையில் ஏணிமேல் நின்று, வளைவின் உச்சியில் கடைசிக் கொத்தைக் கட்டிக்கொண்டிருந்த அலங்காரக்காரம்மா திரும்பினாள்.

"கலர் முதற்கொண்டு உங்க வீட்டுப் பொண்ணு சொன்னதுதாங்கய்யா. எண்ணூறு பலூன். காலையிலேர்ந்து உட்காராம கட்டறேன்."

"எண்ணூறா! எங்க வீட்டுக் கல்யாணத்துல சபை நிறைய ஆளுங்க இருப்பாங்கம்மா. காத்தை அடைச்சு நிரப்பற பழக்கம் எங்களுக்குக் கிடையாது."

"என் பம்புல இருக்கறதைவிட உங்ககிட்டதான் காத்து ஜாஸ்தி போலிருக்கு."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பெரியப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். வளைவின் அடியில் இருந்த பெரிய பலூனைக் குத்தினார். டப்! அதற்குப் பக்கத்தில் இருந்ததையும் குத்தினார். டப்! சிரிப்பு நின்றது.

சத்தம் கேட்டுச் சமையற்கட்டிலிருந்து ஓடி வந்தார் அவருடைய தம்பி. மணப்பெண்ணின் அப்பா.

"என்னண்ணா இது? ஆறு மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துடுவாங்களே!"

"எதுக்கு? இந்தப் பொம்மைக் கடையைப் பாக்கவா? யாருடா இதுக்குச் சம்மதிச்சது?"

"மாப்பிள்ளைக்கும் பிடிச்சிருக்குன்னு பொண்ணு சொன்னா."

"அப்படிச் சொல்லு! பலூன் கேக்கறவனுக்குப் பொண்டாட்டி எதுக்குடா? ஒரு கிலுகிலுப்பை வாங்கிக் கையில கொடுத்தனுப்பு."

"மெதுவாப் பேசுங்கண்ணா. எல்லாரும் பாக்கறாங்க."

"நல்லாப் பாக்கட்டும்!"

பெரியப்பா கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்தார். "சம்பந்தி! உங்க பிள்ளையோட விளையாட்டுப் புத்தி எங்க குடும்பத்துக்கு ஒத்து வராது. நாளைக்குக் கல்யாணம் கிடையாது. யாரும் கிளம்பி வரவேண்டாம்!"

ஒரு வார்த்தை பதில் பேச இடம் கொடுக்காமல் கைப்பேசியைப் பையில் போட்டார்.

தம்பி அப்படியே நாற்காலியில் சரிந்தார். "பலூனுக்காகவாண்ணா? எம் பொண்ணு வாழ்க்கையை ஒரு பலூனுக்காகவா...?"

"எனக்கு மானம் பெரிசு."

நாற்காலிகளுக்கு நடுவே வசவுகள் எழும்பின.

"தலைக்கனம் பிடிச்ச கிழம்!"

"ஊரே தேடினாலும் அப்படியொரு பொண்ணு கிடைக்குமா? கரை சேரப் போற நேரத்துல இந்தாளு கல்லைத் தூக்கிப் போட்டாரே!"

அலங்காரக்காரம்மா ஏணியை விட்டு இறங்கி அவருக்கு நேரே வந்து நின்றாள். "பலூனைக் குத்துங்க, பரவாயில்ல. அந்தப் பொண்ணு உங்களுக்கு என்னய்யா பாவம் பண்ணுச்சு?" துப்பாத குறையாகக் கேட்டாள்.

பெரியப்பா திரும்பினார். முதுகை வளைக்காமல், அத்தனை பேர் பார்வைக்கும் நடுவே நடந்து மணப்பெண்ணின் அறைக்குள் போனார். கதவைத் தாழிட்டார்.

பாதி அலங்காரத்தோடு கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள் பெண். முகம் அழுது வீங்கியிருந்தது.

"மாப்பிள்ளையோட அப்பன் இப்பவும் போனை எடுக்கல," என்றார் பெரியப்பா தணிந்த குரலில். "வரமாட்டேன்னு மத்தியானம் அந்தப் பய உனக்கு அனுப்பின செய்தியை அழிச்சுடும்மா. உன்னை ஒருத்தன் வேண்டாம்னு விட்டுட்டுப் போனான்னு எவனும் பேசக்கூடாது. கிழவன் பலூனுக்காக நிறுத்தினான்னு பேசட்டும்."